செத்தவர் சம்மதம்

வக்கீல் செந்தமிழ்செல்வன் வாதத்தில் தோற்றுத் தான் பார்த்ததே இல்லை என்று மலர்க்கொடி சொன்னால், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடலூர் கோர்ட்டில் அவர் ஜெயிக்கிறாரா தோற்கிறாரா என்பது அவருடைய கட்சிக்காரர்களின் தலையெழுத்து. அவள் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சிதம்பரத்தில் தேவநாதனின் ஜெராக்ஸ் கடைக்குள், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில் அவர் செய்யும் வாதங்களைத்தான். அங்கே நீதிபதி கிடையாது, ஃபீஸ் கிடையாது, வாய்தாவும் கிடையாது. அப்படியிருந்தும் அந்த மனிதர் ஒன்பது வருஷமாக ஒரு வாரம்கூட விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்.

கட்டமும் காயும் இல்லாத ஆட்டம் அது. கடைக்காரர் தேவநாதன்தான் நடுவர். அவர் ஒரு பாழடைந்த கோட்டையையோ குகையையோ வர்ணிப்பார். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, வாயாலேயே அதற்குள் நடந்து போவார்கள். கதவைத் தள்ளுகிறேன் என்று ஒருவர் சொன்னால், கதவு திறந்ததா அல்லது அதன் பின்னாலிருந்த பூதம் மேலே விழுந்ததா என்பதை நடுவரும் பகடையும் சேர்ந்து முடிவு செய்வார்கள். பிழைத்தால் அனுபவம் கூடும், லெவல் ஏறும். செத்தால் அந்த ஆளின் விவரமெல்லாம் எழுதிய தாளை ஓரமாக வைத்துவிட்டு, முதல் லெவலிலிருந்து புது ஆள் தொடங்க வேண்டும். பழைய காலத்து ஆட்டம் என்பதால் இரக்கம் கொஞ்சம் குறைவு.

வக்கீலின் ஆள் ஒரு மந்திரவாதி, பேர் அக்னிவேந்தன். பண்ருட்டி முந்திரி வியாபாரி கலியமூர்த்தி, நிஜத்தில் ஆறடி உயரம், ஆட்டத்தில் கோடாலி தூக்கிய குள்ள வீரன். அவருக்கு விதியும் வேண்டாம், வியாக்கியானமும் வேண்டாம். எதையாவது வெட்ட விட்டால் போதும், வாரா வாரம் ஒரு பை துண்டு முந்திரியும் கொண்டுவந்துவிடுவார். மலர்க்கொடி கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஆறு நாள் வைத்தியம் பார்த்துவிட்டு ஏழாம் நாளும் வைத்தியச்சியாகவே ஆடினாள். அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அவள் செய்வாள். ஆட்டத்தில் அவளுடைய செவ்வந்தி, தானே பார்த்துத் தானே முடிவெடுப்பாள். அந்த ஒரு மத்தியானத்துக்காகவே அவள் வாரம் தவறாமல் பஸ் ஏறினாள்.

இவ்வளவுக்கும் ஆதாரம் நாற்பது பக்க விதிப் புத்தகம் ஒன்று. வருஷங்களுக்கு முன்னால், பல்கலைக்கழக விடுதியைக் காலி செய்துகொண்டு கிளம்பிய மாணவன் ஒருவன் ரயிலுக்கு நேரமாகிறது என்று பறந்தபோது, அவனிடமிருந்து கெஞ்சி வாங்கி தேவநாதன் அவசரமாகப் பிரதி எடுத்தது. எடுத்த அவசரத்தில் ஒவ்வொரு வலப்பக்கத்திலும் கடைசி இரண்டு மூன்று வரிகள் கண்ணாடிக்கு வெளியே போய்விட்டன. ஊர்ப்பட்ட ஆதார் கார்டுகளை நூல் பிடித்தாற்போல் எடுத்துக் கொடுக்கிற மனிதர், வாழ்க்கையில் ஆசைப்பட்டு எடுத்த ஒரே பிரதியைக் கோணலாக எடுத்தார். அசலும் போச்சு, அந்த மாணவனும் போனான்.

விடுபட்ட வரிகள் இருக்கட்டும், விடுபடாத வரிகளே வில்லங்கம்தான். அந்தப் புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரர், எல்லாம் தெரிந்த கூட்டாளிகளுக்குக் கடிதம் எழுதுவது போல எழுதியிருந்தார். உறக்க மந்திரம் போட்டால் எதிரில் இருப்பவர்கள் தூங்குவார்கள் என்று ஒரு வரி. எதிரில் நம் ஆளே நின்றால் அவனும் தூங்குவானா? தெரியாது. ஒளி மந்திரத்தால் ஓர் இடத்தில் வெளிச்சம் உண்டாக்கலாம் என்று இன்னொரு வரி. எதிரியின் கண்ணுக்குள்ளேயே உண்டாக்கலாமா? கண்ணும் ஓர் இடம்தான் என்று வக்கீல் மூன்று வாரம் வாதாடினார். மூன்று வாரமும் கலியமூர்த்தியின் குள்ளன் கோடாலியை ஓங்கியபடி நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் கண்ணும் இடம்தான் என்று தீர்ப்பானது.

தீர்ப்பு என்றால் வாய்ப்பேச்சு இல்லை. தேவநாதன் மென்மையான மனிதர், போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்றிச் சொல்லிவிடுவார். அதைத் தடுக்க முதல் வருஷமே வக்கீல் ஒரு ஏற்பாடு செய்தார். கடையிலிருந்தே ஒரு நீள நோட்டை எடுத்து, அதற்குத் தீர்ப்பு நோட்டு என்று பேர் வைத்தார். யாருடைய வாதம் ஜெயித்ததோ அவரே அதில் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த ஆளின் பேரும் வரக் கூடாது. அன்றிலிருந்து அது எல்லாருக்கும் பொருந்தும், பூதங்களுக்கும் சேர்த்து. அதை ரத்து செய்ய ஒரே வழிதான். எழுதியவரே அதன் கீழே ‘இது தப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனை வக்கீல் வைத்தது. தன் தீர்ப்புகளை வேறு யாரும் தொட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். கலியமூர்த்தி இரண்டு தடவை ‘இது தப்பு’ என்று எழுதியிருக்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டே. மலர்க்கொடி ஒரு தடவை எழுதினாள். வக்கீலின் கையெழுத்தில் நாற்பத்து மூன்று பக்கங்கள் இருந்தன. ஒன்றின் கீழேயும் அந்த இரண்டு சொல் இல்லை.

செவ்வந்தி செத்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அப்போது அவளுக்கு ஏழாவது லெவல், ஆறு வருஷத்து உழைப்பு. கூரை இடிந்து விழுந்தபோது குள்ளனைத் தள்ளிவிட்டுத் தான் மாட்டிக்கொண்டாள். அதில் மலர்க்கொடிக்கு வருத்தம் இல்லை, நல்ல சாவு. அதோடு, எழுப்பும் மந்திரம் என்று ஒன்று புத்தகத்தில் இருந்தது. ஆட்டத்து ஊரில் ஒரு கோவில், அதன் பூசாரிக்கு அந்த மந்திரம் தெரியும். கூட்டத்தின் கையிலிருந்த பச்சைக் கல்லைக் காணிக்கையாக வைத்தால் எழுப்பித் தருவதாக அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பச்சைக் கல்லைத் தன் கைத்தடியின் தலையில் பதித்துக்கொள்ளலாம் என்று அக்னிவேந்தன் கணக்குப் போட்டிருந்தான். அப்படிச் சொல்லிக் கேட்க வக்கீலுக்கு வாய் வரவில்லை. புத்தகத்தைப் பிரித்தார்.

இறந்து ஒன்பது நாளைக்குள் உடல் சிதையாமல் இருந்தால், இறந்தவருக்கு விருப்பமும் இருந்தால், அவர் எழுவார் என்று போட்டிருந்தது. அந்த விருப்பத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு அடுத்த வரி இருந்திருக்க வேண்டும். அது கண்ணாடிக்கு வெளியே போன வரி. எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலைகளை வக்கீல் பூதக்கண்ணாடி வைத்து முக்கால் மணி நேரம் ஆராய்ந்துவிட்டு, செத்தவருக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று அறிவித்தார்.

மலர்க்கொடி முதலில் சிரித்தாள். செவ்வந்தியாக ஆடுவதே தான்தான், தான் சொல்கிறேன், அவளுக்கு விருப்பம்தான் என்றாள்.

“நீங்க மலர்க்கொடி, சிஸ்டர்,” என்றார் வக்கீல். “செவ்வந்தி செத்துட்டாங்க. செத்தவங்க சார்பா யாரு வந்து பேசினாலும் அது சாட்சியில எடுபடாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. ரோட்டில் அடிபட்டு நினைவில்லாமல் வருகிறவனிடம் யாரும் கையெழுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, காப்பாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றாள். தினம் பத்துப் பேரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குகிற தனக்கு அது தெரியாதா என்றும் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவன் மயக்கத்தில் இருக்கிறான், சாகவில்லை, இரண்டும் வேறு என்றார். சட்டப்படி அது சரி. சரியாக இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரம்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு தேவநாதன் தளர்ந்துபோய் வக்கீல் பக்கம் தலையாட்டினார். வக்கீல் பேனாவைத் திறந்து, நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார். ‘இறந்தவரை எழுப்ப வேண்டுமாயின், அவர் உயிரோடிருந்த காலத்திலேயே தம் ஆட்டப் பெயரைக் குறிப்பிட்டு, கையெழுத்திட்டு, நடுவரிடம் ஒப்படைத்த சம்மதச் சீட்டு இருத்தல் வேண்டும். பெயரோ கையெழுத்தோ இல்லாத சீட்டு செல்லாது. சீட்டு இல்லாதவிடத்து, அவர் சார்பில் வேறு எவர் கூறுவதும் சம்மதம் ஆகாது.’

செவ்வந்தி அதோடு போனாள். பச்சைக் கல் கைத்தடியில் ஏறியது.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் வக்கீலுக்கும் அவளுக்கும் ஒரே சீட்டு வரிசை வாய்த்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, புதுச்சத்திரம் தாண்டும்வரை சத்தமில்லாமல் அழுதாள். இல்லாத ஒருத்திக்காக முப்பத்தைந்து வயதில் அழுகிறோமே என்ற வெட்கம் வேறு. வக்கீல் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே, அந்த வாதத்தில் எந்த இடம் முக்கியமான திருப்பம் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டு வந்தார். ஆலப்பாக்கத்தில் அவளுக்கும் நாலு கடலை கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அவள் புது வைத்தியச்சியோடு வந்தாள், பேர் பூங்காவனம், முதல் லெவல். உட்காருவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் ‘நான் பூங்காவனம், செத்தால் எழுப்ப எனக்குச் சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு தேவநாதனிடம் கொடுத்தாள். கலியமூர்த்தியும் முந்திரிப் பையின் ஓரத்தைக் கிழித்து குள்ளனுக்காக ஒன்று எழுதினார். தேவநாதன் இரண்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். உங்களுடையது எங்கே என்று வக்கீலைக் கேட்டார். வக்கீல் சிரித்து, அக்னிவேந்தன் சாகிற ஜாதி இல்லை என்றார்.

மூன்று வருஷம் போனது. பெரிய லெவல் ஆட்களோடு போனதால் பூங்காவனம் சீக்கிரமே ஏறி ஏழாவது லெவலுக்கு வந்தாள். அந்த லெவலில்தான் வைத்தியச்சிக்கே எழுப்பும் மந்திரம் கைவரும்.

அக்னிவேந்தன் செத்தது போன மாசம், ஒரு பெட்டியால். பாதாள அறையில் ஒரு செம்புப் பெட்டி இருந்தது. குள்ளன் திறக்கிறேன் என்று கலியமூர்த்தி முன்வந்தார். உள்ளே ஓலைச்சுவடி இருந்து, குள்ளன் அதைக் கந்தலாக்கிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லி வக்கீல் தானே திறந்தார். மூடியிலிருந்து விஷ ஊசி ஒன்று கையில் இறங்கியது. அப்போதும் ஆபத்து பெரிதில்லை. இருபது முகப் பகடையில் மூன்றுக்குக் குறையாமல் விழுந்தால் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டு விழுந்தது. பகடை ஸ்டேப்ளரில் இடித்துவிட்டது, செல்லாது என்று வக்கீல் ஆட்சேபித்தார். அதற்கும் நோட்டில் அவர் எழுதிய தீர்ப்பு இருந்தது, எனவே மறுபடி உருட்டினார். ஒன்று விழுந்தது.

ஒன்பது வருஷம், ஒன்பதாவது லெவல். வக்கீலின் காது மடல் சிவந்துவிட்டது. பிறகு அவர் சமாளித்துக்கொண்டு, பூங்காவனத்துக்குத்தான் எழுப்பும் மந்திரம் தெரியுமே சிஸ்டர் என்றார்.

தெரியும் என்றாள் மலர்க்கொடி. பூங்காவனம் ஆட்டத்துக் காலையிலேயே மந்திரத்தை ஜெபித்து வைத்திருக்கிறாள், போடுவதற்குத் தயார். சீட்டு மட்டும் இருந்தால் போதும்.

தேவநாதன் எழுந்து போய் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே இரண்டு சீட்டுகள் இருந்தன. வக்கீல் டின்னை வாங்கிக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். பிஸ்கட் தூள் கொட்டியது.

“சீட்டு எதுக்கு சிஸ்டர்? அக்னிவேந்தனா ஆடுறவன் நானே உங்க முன்னாடி உக்காந்திருக்கேன். எனக்கு விருப்பம்னு சொல்றேன்.”

மூன்று வருஷமாக அவள் அந்த வாக்கியத்துக்குக் காத்திருந்தாள். பஸ்ஸில், டூட்டியில், காய் நறுக்கும்போதுகூட அதற்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது அவசரமே படாமல் சொன்னாள்.

“நீங்க செந்தமிழ்செல்வன், சார். அக்னிவேந்தன் செத்துட்டாரு.”

கலியமூர்த்திக்கு முந்திரி புரையேறியது. மலர்க்கொடிக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மகிழ்ச்சியை மறைத்துக்கொள்ளும் பெருந்தன்மை அன்றைக்கு அவளிடம் இல்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரம் செந்தமிழ்செல்வன் வாதாடியதைக் கடலூர் கோர்ட்டில் வாதாடியிருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார். சம்மதம் வாய்மொழியாகவும் இருக்கலாம் என்றார். அக்னிவேந்தன் பல சந்தர்ப்பங்களில் வாழும் ஆசையைத் தெரிவித்திருக்கிறான், அதற்குக் கலியமூர்த்தியே சாட்சி என்றார். கலியமூர்த்தி வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். தனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் சாகிற ஜாதி இல்லை என்று சொன்னதுதான், அதை வேண்டுமானால் சாட்சியாகச் சொல்கிறேன் என்றார். வக்கீல் அவரை விட்டுவிட்டு மறுபடி விதிப் புத்தகத்துக்குப் போனார். பூதக்கண்ணாடி வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எந்த எழுத்துத் தலைகள் அவருக்கு முடியாது என்று கூறினவோ, அதே தலைகள் இப்போது முடியும் என்று சொல்வதாகப் படித்துக் காட்டினார். அடிபட்டு நினைவில்லாமல் வருகிறவனிடம் கையெழுத்தா கேட்கிறோம், காப்பாற்றத்தானே செய்கிறோம் என்று மலர்க்கொடியின் பழைய வாதத்தையும் எடுத்து வீசினார். அது யாருடைய வாதம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. தன்னுடையது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் மலர்க்கொடிக்கு மகிழ்ச்சி வடிந்து கோபம் வந்தது. திருடின பொருளை உடைமைக்காரியிடமே விற்க வருகிற துணிச்சல் அது.

தேவநாதன்தான் குறுக்கே வந்தார். இவ்வளவு எதற்கு, வழி ஒன்று இருக்கிறதே என்று தீர்ப்பு நோட்டைப் பிரித்து, அந்தப் பக்கத்தை எடுத்து, பேனாவோடு வக்கீல் முன்னால் வைத்தார்.

“ரெண்டு வார்த்தைதான் சார். கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா தீர்ப்பு ரத்து. மலரு மந்திரத்தப் போட்டுடும். ஆறு மணி பஸ்ஸ நீங்களும் புடிச்சிடலாம்.”

எவ்வளவு சுலபம் என்று மலர்க்கொடிக்கே தோன்றியது. செவ்வந்தி இனி வரப்போவதில்லை, அவளுடைய ஒன்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டது. இவர் எழுதுவதால் தனக்குக் கிடைக்கப்போவது ‘தப்பு’ என்ற அந்த ஒரு சொல் மட்டும்தான். அந்த ஒரு சொல் தனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எழுதிவிட்டால் அந்த நிமிஷமே மந்திரத்தைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். மனசுக்குள் மன்னிப்பைக்கூடத் தயாராக வைத்துவிட்டாள்.

வக்கீல் பேனாவைத் திறந்தார். ‘மேற்படி தீர்ப்பு அன்றைய சூழ்நிலையில் சரியே ஆயினும், மாறிய சூழ்நிலையை முன்னிட்டு மறுபரிசீலனைக்கு உரியது’ என்று எழுதினார்.

மலர்க்கொடி படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தாள். இரண்டு வார்த்தை சார் என்றாள்.

‘மேற்படி தீர்ப்பு தவறானது என்று கருதுவோரும் உளர்’ என்று அடுத்தது எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதாக, நடுவர் பிரதி எடுத்தபோது நேர்ந்த குறைபாடே இதற்கெல்லாம் மூலகாரணம் என்று தொடங்கினார். அதைப் பார்த்ததும் எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் தேவநாதனுக்கே முகம் கறுத்தது. வாதாடின ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஆட்டத்தில் ஒரு நாள் போய்விட்டது, ஒன்பதாம் நாள் பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது என்று அவர் நடுவர் குரலில் அறிவித்தார். ஜெராக்ஸ் மெஷின் மேலே இருந்த கடிகாரத்தில் ஐந்தே கால். ஐந்தரைக்குச் சூரியன் இறங்கிவிடும், அதற்கப்புறம் எந்த மந்திரமும் அக்னிவேந்தனை எழுப்பாது என்றார்.

வக்கீல் நான்காவது முறை பேனாவை வைத்தார். ‘இது’ என்று எழுதினார். மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள். ‘த’ எழுதினார். பேனா நின்றது. தாளில் மைப் பொட்டு ஒன்று ஊறிப் பெரிதானது. நெற்றியில் வேர்வை அரும்பியது, ஏதோ சொத்தை எழுதிக் கொடுக்கச் சொன்ன மாதிரி. மலர்க்கொடி, எழுதுங்க சார், எழுதிடுங்க என்று மனசுக்குள் சொன்னாள். அந்த நிமிஷம் அவள் அவருக்காகத்தான் வேண்டிக்கொண்டாள்.

‘இது தற்காலிகத் தீர்ப்பு’ என்று முடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

“இவ்ளோதான் என்னால முடியும்,” என்றார்.

“இவ்ளோ போதாது சார்,” என்றாள் அவள்.

கலியமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருஷத்து ஆளை ஒரு வார்த்தைக்காகச் சாகவிடுகிறீர்களே சார், எழுதித் தொலையுங்கள் என்றார். தான் இரண்டு தடவை எழுதியும் தனக்குத் தலை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்று தொட்டுக் காட்டினார். வக்கீல் அவரைப் பார்க்கவில்லை. அக்னிவேந்தனின் தாளைக் கையில் எடுத்தார். ஒன்பது வருஷமாக அழித்து அழித்து எழுதியதில் துணி மாதிரி ஆகியிருந்தது அது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“வேணாம். செத்தது செத்ததாவே இருக்கட்டும். தீர்ப்பு தீர்ப்புதான்.”

ஐந்தரை அடித்தது. தேவநாதன் தீர்ப்பு நோட்டை மூடினார்.

தான் ஜெயித்துவிட்டதாக மலர்க்கொடிக்குத் தோன்றவே இல்லை. இந்த நாளை நினைத்து நினைத்து மூன்று வருஷம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். இப்போது கசப்புதான் மிஞ்சியது. அட பாவி மனுஷா என்று நினைத்தாள். பிள்ளை மாதிரி வளர்த்ததைப் புதைக்க முடிகிறது, அந்தச் சொல்லை மட்டும் எழுத முடியவில்லை. செவ்வந்தியை இவர் கல்லுக்காகச் சாகவிட்டதாகத்தான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கல்லெல்லாம் ஒரு சாக்குதான் என்று இப்போது புரிந்தது. இரக்கப்படலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். வேர்க்கடலை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டாள்.

ஆறு மணி பஸ் போனால் போகட்டும், ஆறே முக்காலுக்கு ஒன்று இருக்கிறது, புது ஆளை இன்றைக்கே உருவாக்கிவிடலாம் என்றார் வக்கீல். குரல் பழையபடி கணீரென்று வந்துவிட்டது. தேவநாதன் வெள்ளைத் தாளை நீட்டினார். வக்கீல் பகடைகளை உருட்டினார். பலம் குறைவு, புத்தி நடுத்தரம். கடைசியாக உயிர்ப் புள்ளிக்கு உருட்டினார். ஒன்று. கொசு கடித்தாலே போய்ச் சேர்ந்துவிடுகிற ஆள். கலியமூர்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டு முந்திரிப் பையின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமானார்.

வக்கீல் அந்த ஒன்றைக் கொஞ்ச நேரம் வெறித்தார். பிறகு, புது ஆளுக்கு என்ன பேர் என்றுகூட முடிவு செய்யாமல், கத்தையிலிருந்து இன்னொரு தாளை உருவினார். இடது கையால் மறைத்துக்கொண்டு மளமளவென்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். இரண்டாக மடித்து தேவநாதனிடம் கொடுத்துவிட்டு, டின்னைக் கண்ணால் காட்டினார். தேவநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுப்பப் போகிறவள் நீதானே, நீயே ஒரு தடவை பார்த்துவிடு மலரு என்று அவளிடம் தள்ளினார்.

மலர்க்கொடி பிரித்துப் படித்தாள். ‘நான் செத்தால் என்னை எழுப்ப எனக்கு முழுச் சம்மதம்’ என்றிருந்தது. ஒரு ஆயினும் இல்லை, ஒரு முன்னிட்டும் இல்லை. அந்த மனிதர் ஒன்பது வருஷத்தில் எழுதியதிலேயே நேரான வாக்கியம் அது. அடியில் கடலூர் கோர்ட்டுக்குப் போடுகிற அதே கையெழுத்து, இரண்டு கோடு போட்டு.

ஆட்டப் பெயர் இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பேர் வைப்பதற்கு முன்னாலேயே எழுதிவிட்டார். பெயரோ கையெழுத்தோ இல்லாத சீட்டு செல்லாது. அந்த வரியை அவள் நோட்டைப் பார்க்காமலே சொல்வாள்.

அவள் தலை நிமிர்ந்தாள். வக்கீல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நோயாளியின் பார்வை.

“சரியா இருக்கா சிஸ்டர்?”

மலர்க்கொடி சீட்டை இருந்த மடிப்பிலேயே மடித்தாள். டின்னுக்குள் பூங்காவனத்தின் சீட்டுக்கு அடியில் வைத்து மூடியை அழுத்தினாள்.

“நீங்க எழுதினது தப்பா இருக்குமா சார்?” என்றாள்.